ஏ.ஐ. சார்

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமத்தில் அது பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க "கிளட்ச்... கிளட்ச்... விட்டுடாத, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்களின் வாயில் கிளட்ச் அக்கா ஆகிவிட்டார். பிறகு தெருவுக்கே அதுதான் பெயர். கணவருக்கு மட்டும் அவர் 'அது'. "அது இன்னும் வரல", "அது சாப்பிட்டுச்சான்னு கேளு." பல வருடக் குடித்தனத்தின் ஒட்டுதல் அந்த 'அது'வில் இருந்ததால் அக்காவுக்கு உறுத்தியதில்லை. அதே சொல் வேறு வாயில் எப்படி இருக்கும் என்பதைப் பின்னால்தான் கேட்டார்.

முன்பு அவர் பார்சல் நிறுவனம் ஒன்றில் பொதிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தார். குனிந்து நிமிர்ந்தே இடுப்பு விட்டுப்போகும் வேலை. வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கூட, வேலையும் உட்கார்ந்தபடி. தனக்கும் ஓட்டும் வேலை வேண்டும் என்று கேட்டபோது மேற்பார்வையாளர் சிரித்தார். முதலில் உரிமம் வாங்கிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார். 'பார்க்கலாம்' என்றால் நம்மிடம் என்ன பொருள் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராதவர்களுக்காக மொழி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. அக்கா அதைப் புரியாதவர்போல் எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார்.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். இவர் கியர் போடும்போதெல்லாம் அவருடைய கை வந்து இவர் கைமேல் உட்காரும். சொல்லித் தருவதாகப் பேர். முதல் சில வகுப்புகளில் அக்கா கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் காரை ஓரமாக நிறுத்தி, "சார், கியர் ஒண்ணு தான் இருக்கு. அதுக்கு ஒரு கை போதும்" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் இவருக்கு எதையும் சொல்லித்தரவில்லை. ரிவர்ஸ் எடுப்பதை அக்கா தானாகவே, காலி மைதானத்தில், யாரோ போட்டுவிட்டுப் போன எண்ணெய் டின்களை நட்டுவைத்து இடித்து இடித்துக் கற்றுக்கொண்டார். உரிமம் வந்தது. மேற்பார்வையாளரின் 'பார்க்கலா'மை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, பார்சல் வண்டியை வாங்கி ஓட்டினார். பல வருடங்கள் ஓட்டிச் சேர்த்ததில் ஒரு பழைய கார் வாங்கி, தன் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் பொருத்தி, டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்துப் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கணவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஓட்டத் தெரியாதவர். பின்சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

கற்றுக்கொடுப்பது அக்காவுக்குச் சிரமமாக இல்லை. தொலைபேசிதான் சிரமம். கார் ஓடும்போது எடுக்க முடியாது. எடுத்தாலும், "சார் இருக்காரா?" என்பார்கள். நான்தான் நடத்துகிறேன் என்று சொன்னாலும் காதில் ஏறாது. "சரிம்மா, சார் வந்ததும் பேசச் சொல்லுங்க." பெண்களுக்கான பள்ளி என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அதைப் பெண் நடத்துகிறார் என்று நம்பவைக்க முடியாத நிலைமை. பெண்களும் அப்படித்தான் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் கொழுந்தன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அண்ணி மேல் பாசமும் எந்தச் சிக்கலையும் ஒரு செயலியால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் உள்ளவர். பள்ளியின் எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஏஐ உதவியாளர் ஒன்று எடுக்கும்படி செய்துகொடுத்தார். அது பேசும், வகுப்பு நேரம் ஒதுக்கும், நினைவூட்டும், பேசியதையெல்லாம் எழுத்தாக்கி வைக்கும். கடைசியில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"பொம்பளக் குரலும் இருக்கு, ஆம்பளக் குரலும் இருக்கு. எது வைக்கட்டும் அண்ணி?"

"எனக்கு எதுக்குப்பா ஆம்பளக் குரல்?"

"உங்களுக்கு வேணாம். கூப்பிடறவங்களுக்கு வேணும். சார் இருக்காரான்னு தானே கேக்கறாங்க? இருக்காருன்னு நெனச்சுட்டுப் போகட்டும்."

அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்கு இறங்கிப் போனார். அப்போது அது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆரம்பத்தில் அந்த உதவியாளர் அவரை அலையவிட்டது. பேசி முடித்தவர்கள் "சரி, வர்றேன்" என்று வைத்தால், வருவதாகச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு நேரத்தை ஒதுக்கியது. "பார்க்கலாம்" என்றவர்களை ஏறக்குறைய சம்மதித்தவர்கள் கணக்கில் வைத்தது. அக்கா காரை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசல்களில் நின்றார். கதவைத் திறந்தவர்கள் யார் நீங்கள் என்று கேட்டார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதற்குப் பாடம் எடுத்தார். நம் ஆட்கள் போகும்போதுதான் வருகிறேன் என்பார்கள், பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்றால் இரண்டு தடவை மாட்டேன் என்று அர்த்தம். அது ஒவ்வொன்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு தவறவில்லை. மனிதர்களுக்குச் சொல்லித் தருவதைவிட இது சுலபம் என்று அக்கா கணவரிடம் சொன்னார். வகுப்பு முடிந்ததும் மாணவியின் குறைகளைப் போனில் சொன்னால் அது நல்ல தமிழில் எழுதி அனுப்பிவிடும். "ரிவர்ஸ் சரியில்ல, கண்ணாடியப் பாக்கறதே இல்ல" என்று அக்கா சொன்னதை, 'தங்கள் பின்னோக்கிய இயக்கத்தில் மேலும் கவனம் தேவை. கண்ணாடியை அடிக்கடி பார்க்கவும்' என்று எழுதியது. அந்தப் பெண்ணின் மாமியார் அதைப் படித்துவிட்டு, இவ கண்ணாடி பாக்கறது பத்தலையாமே என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டார்.

வேலை நடந்தது. அழைத்தவர்கள் சேர்ந்தார்கள். பள்ளிக்கு ஒரு சார் வந்துவிட்டார்.

அந்தக் குரல் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வாக்கியமே, "வணக்கம், நான் இந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஏஐ உதவியாளர்" என்பதுதான். யாரும் அதைக் கேட்கவில்லை. கனமான, நிதானமான ஆண் குரல் என்பதோடு காதுகள் திருப்தியடைந்துவிட்டன. "அக்கா, சார் எவ்வளவு தன்மையா பேசறாரு" என்று மாணவிகள் அக்காவிடமே சொன்னார்கள். வகுப்பு நேரத்தை மாற்ற முடியாது என்று அக்கா சொன்னதற்குப் படிக்கட்டில் நின்று சத்தம் போட்ட ஒரு தகப்பனார், வீட்டுக்குப் போய் அதே எண்ணுக்கு அழைத்து, அதே பதிலைக் குரலிடம் கேட்டு, "சரிங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று முடித்தார். அக்கா எழுத்தில் வந்திருந்த அந்த உரையாடலை இரண்டு முறை படித்தார். அவர் சொன்ன சொற்கள்தான், ஒரு சொல் மாறவில்லை. இல்லாத மீசைக்கு இவ்வளவு மரியாதை என்றால், இருக்கிற மூளைக்கு ஏன் இவ்வளவு பஞ்சம் என்று அவருக்குத் தோன்றியது. கோபம் வந்தது. ஆனால் காரில் மாணவி காத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் செவிலியர் நிறுவனம் வந்தது. நோயாளிகளின் வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் நிறுவனம். அவர்களுக்குச் சிறிய கார்கள் வாங்கப்போகிறது. எல்லோருக்கும் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். ஒப்பந்தம் கிடைத்தால் அக்காவுக்கு இரண்டாவது கார் வரும். அதில் யாரை உட்கார வைப்பது என்பதும் முடிவாகியிருந்தது: அவரிடம் படித்த ஒரு பேருந்து நடத்துநர், டிக்கெட் கிழித்தே கை தேய்ந்தவர், ஓட்டும் பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பல வருடங்களாகக் காத்திருப்பவர். அக்கா அவரிடம் வாய்விட்டுச் சொல்லியும்விட்டார்.

நிறுவனத்தின் மேலாளர் பலமுறை அழைத்துப் பேசினார். குரலின் பொறுமை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முதல் வாக்கியத்தில் அவர் காதில் விழுந்தது 'ஏஐ' மட்டும். அதைப் பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்துகள் என்று எடுத்துக்கொண்டார். ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இரண்டு எழுத்தில் நடமாடுகிறார்கள், இவரும் ஒருவர். ஏ.ஐ. சார். செய்தித்தாளில் ஏஐ பற்றி அவரும் படித்திருக்கிறார். ஆனால் அது எங்கேயோ கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பது. டயர் கடை மாடியில் இருக்கும் என்று எதற்கு நினைக்கப்போகிறார்? ஒப்பந்த வரைவு 'திரு. ஏ.ஐ., உரிமையாளர்' என்ற முகவரிக்கே வந்தது.

உதவியாளர் அதை அக்காவிடம் சுட்டிக்காட்டியது. பெறுநர் பெயரில் பிழை இருக்கிறது, தான் ஒரு நிரல் என்றும் உரிமையாளர் நீங்கள் என்றும் தெரிவித்துப் பதில் எழுதட்டுமா என்று கேட்டது. அக்கா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். "இரு, பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னது நிஜமாகவே 'இரு, யோசிக்கிறேன்' என்ற அர்த்தத்தில். அவரிடமே பாடம் படித்த உதவியாளர், வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டது. மேலாளர் நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்று மட்டும் தெரிவித்துவிட்டு விட்டுவிட்டது. அக்காவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு முன் ஏ.ஐ. சாரை நேரில் பார்க்க வருவதாக மேலாளர் சொன்னார். கொழுந்தன் உடனே தயாராகிவிட்டார். தான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வதாகவும், வணக்கம் சொல்லி, கையெழுத்து வாங்கி, அனுப்பிவிடுவதாகவும் திட்டம். ஒரே ஒரு மணி நேரம்தான், அதற்குப் பிறகு எல்லாம் போனில்தானே என்றார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கணவர் சலவைக்காரர் ஆயிற்றே, தம்பியின் சட்டையை வாங்கிக் காலர் மடங்காமல் இஸ்திரி போட்டுக்கொடுத்தார். கொடுக்கும்போது, "அது என்ன சொல்லுதோ அதைக் கேட்டு நடந்துக்க" என்று மட்டும் சொன்னார். 'அது' இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை.

மேலாளர் படியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கெட்ட மனிதர் இல்லை. கொழுந்தனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போனில் குரல் இன்னும் கனமாக இருந்ததே என்றார். ஜலதோஷம் என்றார் கொழுந்தன். ஜலதோஷத்தில் குரல் தடிக்கும், மெலியுமா என்று அவர் யோசிப்பதற்குள் ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் கீழே நின்ற காரைக் காட்டினார். அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தார். மேலாளர் காரைப் பார்த்தார். பிறகு அக்காவை நோக்கி மோவாயை லேசாக அசைத்து, கொழுந்தனிடம் கேட்டார்.

"இது நல்லா ஓட்டுமா சார்?"

கொழுந்தனின் கண் காரில் இருந்தது. "நல்லா ஓடும் சார். போன மாசம் தான் ஆயில் மாத்தினோம்."

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு அடங்கியபோது அடியில் இருந்தது தெரிந்தது. குரல், அவர். கொழுந்தனின் சட்டை, அவர். தான், இது. இலக்கணம் படித்த மொழி. பேச்சும் சிந்தனையும் உள்ளதை உயர்திணை என்றும் மற்றதை அஃறிணை என்றும் பள்ளிக்கூடத்தில் பிரித்துக்கொடுத்த மொழி. அதைப் பேசுகிறவர் இயந்திரத்தை மேலே தூக்கி உட்கார வைத்துவிட்டு, காரை ஓட்டுகிறவரைக் காரோடு சேர்த்துவிட்டார். அவருக்கே அது தெரியாது. அதுதான் இதில் மோசம்.

"எனக்கு ஆயில் மாத்தல சார்" என்றார் அக்கா. "என் கொழுந்தன் காரைச் சொல்றாரு. நீங்க கேட்டது என்னை."

பிறகு கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்துப் பள்ளியின் எண்ணுக்கே அழைத்தார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. "வணக்கம், நான் இந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஏஐ உதவியாளர்." மேலாளரின் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் கொழுந்தனைப் பார்த்தார்; கொழுந்தன் தன் காலரைப் பார்த்தார்.

"நீ ஆளா?" என்று அக்கா போனைக் கேட்டார்.

"இல்லை. நான் ஒரு கணினி நிரல். பள்ளியை நடத்துபவரும் கற்றுத்தருபவரும் ஒரு பெண்மணி. அவருடைய அழைப்புகளை நான் எடுக்கிறேன்."

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். முதல் வாக்கியத்திலேயே தினமும் சொன்னதுதான் என்றார் அக்கா. சட்டை மட்டும்தான் பொய், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். மேலாளருக்கு வலித்த இடம் வேறாக இருந்தது.

"இத்தனை நாள் ஒரு மெஷின் கிட்டயா நான் சார், சார்னு பேசிட்டிருந்தேன்?"

"அதுல ஒண்ணும் தப்பில்ல சார். மரியாதை குடுத்தா யாருக்கும் கொறஞ்சு போகாது. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்."

மேலாளர் வரைவை மடித்துப் பைக்குள் வைத்தார். படிக்கட்டில் கால் வைக்கும்போது திரும்பி, "பார்க்கலாம்" என்றார்.

கொழுந்தன் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது கார் வந்திருக்கும் என்றார். அக்கா மறுக்கவில்லை.

"வந்திருக்கும்ப்பா. ஆனா பக்கத்து சீட்ல உக்காந்துட்டு, பயப்படாத, எல்லாம் உன் கையில தான் இருக்குன்னு அந்தப் பொண்ணுங்க கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

நடத்துநரிடம் விஷயத்தைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, "சரிக்கா, டிக்கெட் எங்கயும் போயிடாது" என்று பேருந்தில் ஏறிக்கொண்டார். குரலைப் பெண் குரலாக மாற்றித் தருவதாகக் கொழுந்தன் சொன்னபோது அக்கா வேண்டாம் என்றார். குரல் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார். அழைப்பவர் சார் என்று கூப்பிட்டால், "நான் சார் இல்லை, இயந்திரம். நடத்துபவர் அக்கா. அவர் வகுப்பில் இருக்கிறார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று அதற்குக் கட்டளை. சிலர் அதைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அழைப்புகள் குறைந்தன. கார் சில மத்தியானங்கள் டயர் கடை வாசலில் சும்மா நின்றது. அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழிந்து, மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு மாணவி வண்டியை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது உதவியாளரிடமிருந்து தகவல் வந்தது. அக்கா ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் படித்தார். செவிலியர் நிறுவனத்தின் மேலாளர் அழைத்திருந்தார். பேசியது அப்படியே இருந்தது: "ஏம்ப்பா, அவங்க இருக்காங்களா? கிளாஸ்லயா? சரி, முடிச்சதும் அவங்க கிட்ட சொல்லு. பொண்ணுங்கள வேற ஒரு ஸ்கூல்ல சேர்த்தோம். அங்க சரிப்படல. பொண்ணுங்க போக மாட்டேங்கறாங்க. என்னன்னு போன்ல சொல்ற மாதிரி இல்ல. அவங்களுக்குப் புரியும்." ஒப்பந்தம் தயாராக இருக்கிறது, பெயர் திருத்தியாகிவிட்டது, அக்கா தன் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று முடித்திருந்தார்.

அக்காவுக்குப் புரிந்தது. கியர் மேல் இருந்த தன் கையை ஒரு கணம் பார்த்தார். ஒரு மனிதருக்கு ஒரு பெண்ணை 'அவங்க' என்று சொல்ல வைப்பதற்கு எத்தனை பெண்களின் கை கூச வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது, அந்தச் சொல் கிடைத்ததில் பெரிய மகிழ்ச்சி வரவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

என்ன பதில் சொல்லட்டும் என்று உதவியாளர் காத்திருந்தது.

"பொண்ணுங்கள நாளைக்கே அனுப்பச் சொல்லு" என்றார் அக்கா. "ஒருத்தர் விடாம. கையெழுத்துக்கு நான் அவர் ஆபீசுக்கு வர்றது மட்டும் பார்க்கலாம்னு சொல்லு."

"வரமாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?"

"நீ அப்படி எடுத்துக்க. அவருக்கும் தமிழ் தெரியும். படி ஏறி வருவாரு."

போனை வைத்துவிட்டு மாணவியின் பக்கம் திரும்பினார். லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அடிக்கட்டும், நீ அவசரப்படாதே என்று சொல்லி, ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்தார்.

"கிளட்ச்" என்றார். "மெதுவா. விட்டுடாத."